ஒரு தடவை வரைந்தால் போதும்: சின்னங்களுக்கு இலக்கணம் எழுதிய ஓட்டோ நொய்ராத் யார்?

ஆட்டோகேட் தெரிந்தவர்களுக்கு 'பிளாக்' தினசரி புழங்கும் வார்த்தை. ஒரு கதவை ஒரு தடவை வரைகிறீர்கள். அதற்கு ஒரு பெயர் வைத்து பிளாக்காகச் சேமிக்கிறீர்கள். அப்புறம் அந்தக் கட்டடத்தில் 300 கதவுகள் இருந்தாலும் மறுபடி வரைய வேண்டியதில்லை, இன்சர்ட் பண்ணினால் போதும். கடைசி நேரத்தில் கிளையன்ட் வந்து கதவை மாற்றச் சொன்னாலும் பயமில்லை. மூல பிளாக்கில் ஒரு இடத்தில் திருத்தினால் 300 இடத்திலும் மாறிவிடும்.

கேட்க ஈஸியாக இருக்கிறது, இல்லையா? ஆனால், நாலு பேர் சேர்ந்து வேலை பார்க்கும் எந்த ஆபீஸிலும் கொஞ்ச நாளில் இந்த லைப்ரரி குப்பையாகிவிடும். 'டோர் நியூ', 'டோர் ஃபைனல்', 'டோர் ஃபைனல் 2' என்று ஒரே கதவுக்கு மூன்று பிளாக். ஒருவர் அகலத்தை மட்டும் இழுத்து வைத்திருப்பார். இன்னொருவர் அதே படத்தை ஜன்னலுக்குப் பயன்படுத்தியிருப்பார். எதை நம்புவது?

ஆக, சின்னம் வரைவது பாதி வேலைதான். அதற்கு ஒரே அர்த்தம் வைத்து, ஒரே அளவில் காப்பாற்றி, எல்லோரும் ஒரே மாதிரி பயன்படுத்த வைப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் யோசித்து, விதிகளாக எழுதி, ஒரு பட்டறையே நடத்திக் காட்டியவர் ஓட்டோ நொய்ராத். இத்தனைக்கும் அவர் ஓவியரும் இல்லை, டிராஃப்ட்ஸ்மேனும் இல்லை. பொருளாதார நிபுணர், தத்துவவாதி. அதைவிட முக்கியமாக, அரசியலால் திரும்பத் திரும்ப விரட்டப்பட்ட மனிதர்.

புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்த பையன்

1882 டிசம்பர் 10 அன்று வியன்னாவில் பிறந்தார் நொய்ராத். அப்பா வில்ஹெல்ம் நொய்ராத் பொருளாதாரப் பேராசிரியர். வீடு முழுக்கப் புத்தகம். எழுத்தைவிட அந்தப் புத்தகங்களில் இருந்த படங்கள்தான் சின்ன வயசில் தன்னை இழுத்தன என்று பிற்காலத்தில் தன் சுயசரிதைக் குறிப்புகளில் எழுதினார். வியன்னா மியூசியத்தில் இருந்த பழங்கால எகிப்தியப் படங்கள் அவருக்கு ரொம்பப் பிடித்தவை. ஓர் ஆள், ஒரு மாடு, ஒரு படகு என்று எல்லாமே பக்கவாட்டுத் தோற்றத்தில், தெளிவாக, வரிசையாக நிற்கும். சின்னங்களைப் பற்றிய அவருடைய ரசனை அங்கேதான் தொடங்கியது.

வியன்னாவிலும் பெர்லினிலும் படித்து 1906-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். வியன்னாவுக்குத் திரும்பி ஒரு வணிகக் கல்லூரியில் ஆசிரியரானார். 1907-ல் அன்னா ஷாப்பிரேவைத் திருமணம் செய்தார். 1911-ல் மகன் பால் பிறந்த கொஞ்ச நாளில் அன்னா இறந்துபோனார். அடுத்த ஆண்டு, பார்வையிழந்த கணித அறிஞரான ஓல்கா ஹானை மணந்தார்.

படங்களாலேயே உலகத்தைப் புரிய வைக்க நினைத்த ஒருவர், 25 ஆண்டுகள் வாழ்ந்தது பார்வையற்ற மனைவியோடு. எதையும் வார்த்தையாலும் தெளிவாக விளக்கத் தெரிய வேண்டும் என்பது அவர் வீட்டுக்குள்ளேயே இருந்த தேவை.

மியூனிக்கில் நடந்தது என்ன?

முதல் உலகப் போருக்கு முன்பு பால்கன் நாடுகளுக்குப் போய், போர் நடக்கும்போது ஒரு நாட்டின் பொருளாதாரம் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தார் நொய்ராத். அந்தப் படிப்பு அவருக்கு ஒரு விஷயத்தைக் காட்டியது. போர்க்காலத்தில் அரசாங்கங்கள் பணத்தை மட்டும் எண்ணுவதில்லை. எத்தனை டன் கோதுமை, எத்தனை ஜோடி பூட்ஸ், எத்தனை ஆள் என்று நேரடியாகப் பொருளையும் மனிதரையும் எண்ணுகின்றன. அப்படியானால் அமைதிக் காலத்தில், மக்களுடைய சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் ஏன் அதே மாதிரி திட்டம் போடக் கூடாது?

போர் முடிந்ததும் அதைச் செய்து பார்க்க வாய்ப்பு வந்தது. 1919 மார்ச்சில் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மத்தியப் பொருளாதார அலுவலகத்தின் தலைவரானார். ஏப்ரலில் அங்கே புரட்சி வெடித்து சோவியத் குடியரசு அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறினாலும் நொய்ராத் தன் நாற்காலியை விடவில்லை. தான் ஓர் அதிகாரி, அரசியல்வாதி இல்லை என்பது அவர் வாதம்.

மே மாதம் ராணுவம் உள்ளே வந்து அந்தக் குடியரசை நசுக்கியது. அந்த வாதம் கோர்ட்டில் எடுபடவில்லை. தேசத்துரோகத்துக்கு உடந்தை என்று ஒன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆஸ்திரிய அரசு தலையிட்ட பிறகு, ஜெர்மனியிலிருந்து அவரை வெளியேற்றினார்கள். பல்கலைக்கழக வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

வியன்னாவுக்குத் திரும்பியபோது அவரிடம் பதவி இல்லை, பணம் இல்லை. ஒரு பாடம் மட்டும் இருந்தது. மக்களுக்குப் புரியாத திட்டத்தை மக்கள் காப்பாற்ற மாட்டார்கள்.

வீடில்லாதவர்களுக்காகத் தொடங்கிய மியூசியம்

போருக்குப் பிந்தைய வியன்னாவில் வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் கடும் பஞ்சம். ஆயிரக்கணக்கானவர்கள் நகரத்தின் ஓரங்களில் காலி நிலத்தைப் பிடித்து, குடிசை போட்டு, காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். அவர்களுடைய சங்கங்களை ஒருங்கிணைக்கும் அமைப்பின் செயலாளரானார் நொய்ராத்.

அப்போது வியன்னா நகராட்சி சோஷியல் டெமாக்ரட்டுகள் கையில் இருந்தது. 1923 முதல் 1934 வரை 60,000-க்கும் அதிகமான வாடகை வீடுகளை அந்த நகராட்சி கட்டியது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது, குழந்தை இறப்பு குறைந்ததா, காசநோய் குறைந்ததா என்பதையெல்லாம் ஓட்டுப் போடும் தொழிலாளிக்கு யார் சொல்வது? அறிக்கைகள் இருந்தன. ஆனால், பக்கம் பக்கமாக எண்கள். எட்டு மணி நேரம் ஃபேக்டரியில் நின்றுவிட்டு வருகிறவர் அதைப் படிப்பாரா?

1925-ல் 'சமூக, பொருளாதார மியூசியம்' பிறந்தது. 1927 டிசம்பரில் அதற்கு வியன்னா நகர்மன்றக் கட்டடத்திலேயே பெரிய கூடம் கிடைத்தது. ராஜாவின் வாள், ராணியின் நகை எதுவும் அங்கே கிடையாது. சுவர் முழுக்க சார்ட்டுகள்தான். அதுவும் ஒரே இடத்தில் பூட்டி வைக்க அல்ல. ஒரே சார்ட்டைப் பல பிரதி எடுத்துப் பல இடங்களுக்கு அனுப்பலாம் என்பது நொய்ராத்தின் எண்ணம். அபூர்வப் பொருளை வைத்திருப்பது பழைய மியூசியத்தின் பெருமை. திரும்பத் திரும்பச் செய்ய முடிவது இவருடைய மியூசியத்தின் பெருமை.

ஏன் சின்னத்தைப் பெரிதாக்கக் கூடாது?

நொய்ராத்தின் மிக முக்கியமான விதி இதுதான். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, ஓர் ஊரில் முதல் ஆண்டு 100 பேருக்கு வேலையில்லை, அடுத்த ஆண்டு 200 பேருக்கு வேலையில்லை என்று வைத்துக்கொள்வோம். இதைப் படமாகக் காட்ட வேண்டும். அந்தக் காலப் பத்திரிகைகள் என்ன செய்யும்? ஒரு சின்ன மனிதர், பக்கத்திலேயே இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு பெரிய மனிதர். இன்றைக்கும் நிறைய இன்ஃபோகிராஃபிக்கில் இதையேதான் செய்கிறோம்.

இதில் என்ன பிரச்சினை? உயரம் இரண்டு மடங்கானால் அகலமும் இரண்டு மடங்காகும். அப்போது காகிதத்தில் அந்தப் படம் பிடிக்கும் இடம் நாலு மடங்கு. கண் பார்ப்பது உயரத்தையா, பரப்பளவையா? தெரியாது. 200 என்பது பார்ப்பவர் மனதில் 400 ஆகிவிடலாம். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் படம் பொய் சொல்லிவிட்டது.

நொய்ராத்தின் தீர்வு ரொம்ப சிம்பிள். சின்னத்தின் அளவை மாற்றாதே. எண்ணிக்கை கூடினால் சின்னங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. ஓர் ஆள் படம் 25 பேர் என்று முடிவு செய்துவிட்டால், முதல் ஆண்டுக்கு 4 ஆள், அடுத்த ஆண்டுக்கு 8 ஆள். வரிசையாக நிறுத்தினால் முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

அந்த 'சரிபார்க்கலாம்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. படம் அழகாக இருக்கிறதா என்பது நொய்ராத்துக்கு இரண்டாம்பட்சம். பார்க்கிறவர் ஆளையோ அரசையோ நம்ப வேண்டியதில்லை, தானே எண்ணிக்கொள்ள முடிய வேண்டும்.

இந்த விதி நடக்க ஒரு நிபந்தனை உண்டு. வரிசையில் நிற்கும் 8 ஆட்களும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். கையால் எட்டுத் தடவை வரைந்தால் எட்டும் எட்டு விதமாக வரும். ஆக, ஒரு தடவை மட்டும் வரைய வேண்டும், திரும்பத் திரும்ப வைக்க வேண்டும்.

பட்டறைக்குள் ஒரு பார்வை

ஆரம்பத்தில் கலர் பேப்பரைக் கத்தரித்து ஒட்டித்தான் சின்னங்கள் செய்தார்கள். உழைப்பு அதிகம், துல்லியம் குறைவு. 1926-ல் டுசெல்டார்ஃபில் நடந்த ஒரு கண்காட்சியின்போது கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற இளம் ஜெர்மன் ஓவியரை நொய்ராத் சந்தித்தார். மரக்கட்டையிலும் லினோலியத்திலும் செதுக்கி அச்செடுப்பவர் ஆர்ன்ட்ஸ். முகமே இல்லாத, ஆனால் இன்னார் என்று சட்டெனத் தெரிகிற உருவங்களைச் செதுக்குவதில் கெட்டிக்காரர். 1929 முதல் அவர் வியன்னாவில் முழுநேர ஊழியர்.

லினோ கட்டையில் ஒரு சின்னத்தை ஒரு தடவை செதுக்குவார்கள். மை தடவி எத்தனை பிரதி வேண்டுமோ அத்தனை அச்செடுப்பார்கள். வெட்டி, சார்ட்டில் வரிசையாக ஒட்டுவார்கள். அச்சகங்களில் இந்த மாதிரிக் கட்டைக்கும் 'பிளாக்' என்றுதான் பெயர். இன்றைய மென்பொருளில் டெஃபனிஷன் ஒன்று, அதன் பிரதிகள் பல என்று சொல்கிறோமே, அது இங்கே கையால் தொடக்கூடிய பொருளாகவே இருந்தது.

ஆர்ன்ட்ஸ் வாழ்நாளில் வடிவமைத்த சின்னங்கள் சுமார் 4,000. அவற்றில் பிரபலமான ஒன்று, வேலையில்லாத தொழிலாளி. இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டு, தோளைத் தொங்கவிட்டு நிற்பார். கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. ஆனாலும் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

4,000 சின்னம் என்றால் மனப்பாடம் செய்ய முடியுமா? தேவையில்லை. ஏனென்றால் அடிப்படைச் சின்னங்களைச் சேர்த்துப் புதிய சின்னம் உருவாக்கும் முறை இருந்தது. ஃபேக்டரி ஒரு சின்னம், ஷூ ஒரு சின்னம். ஃபேக்டரி மேல் ஷூவை வைத்தால் ஷூ ஃபேக்டரி. ஆள் சின்னத்தோடு தொழிலின் அடையாளத்தைச் சேர்த்தால் அந்தத் தொழிலாளி. ஒரு பிளாக்குக்குள் இன்னொரு பிளாக்கை வைக்கிற அதே யோசனை.

வேறு சில விதிகளும் இருந்தன. தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும் பெர்ஸ்பெக்டிவ் கூடாது. ஏனென்றால் அது ஒரே சின்னத்தை இரண்டு அளவாக்கிவிடும். நிறங்கள் குறைவாக இருக்க வேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். முதல் பார்வையில் மிக முக்கியமான விஷயம் தெரிய வேண்டும், இரண்டாவது பார்வையில் அடுத்தது, மூன்றாவதில் நுணுக்கம். நாலாவது தடவை பார்த்தால்தான் புரியும் என்ற எதற்கும் படத்தில் இடமில்லை.

மரீ செய்த வேலைக்கு என்ன பெயர்?

இந்தக் கதையில் அடிக்கடி விடுபட்டுப்போகும் பெயர் மரீ ரைடமைஸ்டர். 1924-ல் மாணவியாக வியன்னாவுக்கு வந்தவர், நொய்ராத்தைச் சந்தித்து, அடுத்த ஆண்டே மியூசியத்தில் சேர்ந்துவிட்டார். அவர் செய்த வேலைக்கு அந்தக் குழு வைத்த பெயர் 'டிரான்ஸ்ஃபார்மர்', அதாவது உருமாற்றுபவர்.

ஒரு பக்கம் புள்ளிவிவர நிபுணர்கள். எண்கள் அவர்களிடம் இருக்கும், படம் தெரியாது. இன்னொரு பக்கம் ஓவியர்கள். படம் தெரியும், எண்களில் எது முக்கியம் என்று தெரியாது. நடுவில் உட்கார்ந்து, இந்த அட்டவணையில் மக்களுக்குத் தெரிய வேண்டியது எது, எதை எதோடு ஒப்பிட வேண்டும், ஒரு சின்னம் எத்தனை பேரைக் குறிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்து கரடுமுரடாக ஒரு ஸ்கெட்ச் போட்டுக் கொடுப்பவர்தான் உருமாற்றுபவர். இன்று டேட்டா ஜர்னலிசம், இன்ஃபர்மேஷன் டிசைன் என்று தனித்தனிப் படிப்பாக இருப்பது அன்று மரீயின் மேசையில் நடந்தது.

இந்தக் கூட்டு உழைப்பின் உச்சம் 1930-ல் வெளியான 100 சார்ட்டுகள் கொண்ட படத்தொகுப்பு. உலகின் உற்பத்தி, மக்கள்தொகை, நகரங்கள், தொழிற்சங்கங்கள் என எல்லாமே அதே சின்னங்களின் வழியாகச் சொல்லப்பட்டன.

மாஸ்கோவில் இருந்தபோது வந்த தந்தி

வியன்னாவின் முறை உலகின் கவனத்தைப் பிடித்தது. 1931-ல் சோவியத் அரசு மாஸ்கோவில் 'இஸோஸ்டாட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நொய்ராத்தின் குழுவை ஆலோசகர்களாக அழைத்தது. நொய்ராத் அடிக்கடி மாஸ்கோ போய் வந்தார்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியும் எழுகிறது. ஐந்தாண்டுத் திட்டத்தின் வெற்றிகளை விளம்பரப்படுத்த இஸோஸ்டாட் அந்தச் சின்னங்களைப் பயன்படுத்தியது. சின்னம் எவ்வளவு நேர்மையாக வடிவமைக்கப்பட்டாலும், அதற்குள் போடும் எண்ணை அது சரிபார்க்காது. மக்கள் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தொடங்கிய முறை, எண்ணைக் கேள்வி கேட்க முடியாத ஓர் ஆட்சியின் கையில் பிரசாரமாக மாறியது.

1934 பிப்ரவரியில் வியன்னாவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. டோல்ஃபஸ் அரசு சோஷியல் டெமாக்ரட்டுகளை ஆயுத பலத்தால் ஒடுக்கியது. நொய்ராத் அப்போது மாஸ்கோவில். ஊருக்கு வந்தால் கைது நிச்சயம். மரீ, முன்பே பேசி வைத்திருந்த சங்கேத வார்த்தைகளில் ஒரு தந்தி அனுப்பி எச்சரித்தார். நொய்ராத் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பிராக் வழியாக நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். ஆபத்தை உணர்ந்து 1933-லேயே அங்கே ஓர் அமைப்பைத் தொடங்கி வைத்திருந்தார். ஓல்கா, மரீ, ஆர்ன்ட்ஸ் உள்ளிட்டவர்களும் அங்கே வந்தார்கள். வியன்னா மியூசியம் கையை விட்டுப் போனது.

ஊரே போன பிறகு 'வியன்னா முறை' என்று இனி எப்படிச் சொல்வது? 1935-ல் மரீ ஒரு புதுப் பெயர் கண்டுபிடித்தார். ஐசோடைப். அச்சுப் படங்களின் வழியே கல்வி தருவதற்கான சர்வதேச முறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 850 சொற்களில் ஆங்கிலத்தைச் சுருக்கிய 'பேசிக் இங்கிலீஷ்' இயக்கத்தின் பெயர் அவருக்குத் தூண்டுதல். அந்த 850 சொற்களை வைத்தே, தன் சின்ன மொழியின் விதிகளை 1936-ல் ஒரு சிறு புத்தகமாக எழுதினார் நொய்ராத்.

சின்னத்தை விற்கலாமா?

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறு ஒரு கதை நடந்தது. வியன்னாவைச் சேர்ந்த ரூடால்ஃப் மோட்லி அங்கே போய், 1934-ல் சித்திரப் புள்ளிவிவர நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பத்திரிகைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் சார்ட் செய்து தந்தார். யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிக்கொள்ள ரெடிமேட் சின்னத் தாள்களையும் விற்றார்.

நொய்ராத்துக்கு இதில் உடன்பாடில்லை. ஒரே கையில், ஒரே ஒழுங்கில் இருந்தால்தான் சின்னத்தின் அர்த்தம் நிலைக்கும், ஆளாளுக்கு எடுத்து விருப்பம்போல ஒட்டினால் மொழி சிதைந்துவிடும் என்பது அவர் பயம். இன்னொரு பக்கம் யோசித்தால், மோட்லி வழியில்தான் சின்னங்கள் சாதாரண ஆட்களின் மேசைக்குப் போயின. எல்லோருக்கும் திறந்துவிடுவதா, ஒருவர் பொறுப்பில் வைப்பதா? எந்த ஆபீஸின் பிளாக் லைப்ரரியிலும் இன்றுவரை ஓயாத சண்டை இது.

நொய்ராத்தின் சின்னங்களும் குறையில்லாதவை அல்ல. 1930 தொகுப்பில் உலக மக்களை ஐந்து வகையாகப் பிரித்து, தலைப்பாகை, கூம்புத் தொப்பி என்று அடையாளம் வைத்துக் காட்டிய படம் ஒன்று உண்டு. இன்று பார்த்தால் நெருடும். எல்லோருக்கும் பொதுவான சின்னம் என்று நினைத்து வரைந்தாலும், வரைபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது அதில் பதிந்துவிடுகிறது.

ஒரு படகு, ஒரு முகாம்

1937-ல் ஓல்கா ஹேக்கில் காலமானார். 1940 மே 14-ல் ரோட்டர்டாம் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. அன்று மாலையே நெதர்லாந்து சரணடைந்தது. நொய்ராத்தின் அப்பா யூதராகப் பிறந்தவர். நாஜிகளிடம் சிக்கினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான்.

நொய்ராத்தும் மரீயும் ஸ்கேவனிங்கன் துறைமுகத்துக்கு ஓடினார்கள். 'ஸேமன்ஸ்ஹோப்' என்ற உயிர்காப்புப் படகை மாணவர்கள் சிலர் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். 40-க்கும் மேற்பட்டவர்கள் அதில் நெருக்கியடித்து ஏறி இங்கிலாந்தை நோக்கிப் போனார்கள். நடுக்கடலில் 'வெனமஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அவர்களைக் காப்பாற்றி டோவரில் இறக்கியது.

தத்துவ மாணவர்கள் நொய்ராத்தை ஒரு படகு உவமைக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் அறிவு என்பது நடுக்கடலில் போகும் கப்பல் மாதிரி, கரையில் ஏற்றிவைத்துப் புதிதாகக் கட்ட முடியாது, மிதந்துகொண்டே ஒவ்வொரு பலகையாக மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். அதை எழுதியவர் நிஜமாகவே கையில் எதுவும் இல்லாமல் கடலில் மிதந்தார். சின்னக் கட்டைகள், சார்ட்டுகள் எல்லாம் ஹேக்கில் தங்கிவிட்டன. ஆர்ன்ட்ஸும் அங்கேயே இருந்தார். 1943-ல் அவரை ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்த்தார்கள்.

இங்கிலாந்து அவர்களை விருந்தாளியாக வரவேற்கவில்லை. எதிரி நாட்டவர் என்று சொல்லி, ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைத்தது. 1941 பிப்ரவரியில்தான் விடுதலை. வெளியே வந்ததும் இருவரும் திருமணம் செய்துகொண்டு, ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறினார்கள். 1942-ல் ஐசோடைப் இன்ஸ்டிடியூட் தொடங்கியது.

லைப்ரரி இல்லை, ஆனால் வேலை நின்றதா? இல்லை. சின்னங்கள் போனாலும் சின்னம் செய்யும் விதிகள் அவர்களிடம் இருந்தன. புதிய ஓவியர்களை வைத்து மறுபடி தொடங்கினார்கள். இயக்குநர் பால் ரோத்தாவின் ஆவணப்படங்களுக்கு அசையும் சார்ட்டுகள் செய்தார்கள். உலக உணவுப் பிரச்சினை பற்றிய 'வேர்ல்ட் ஆஃப் பிளென்ட்டி' 1943-ல் வெளியானது. திரையில் சின்னங்கள் வரிசை கட்டி வந்து கூடின, குறைந்தன.

1945-ல் இங்கிலாந்தின் பில்ஸ்டன் என்ற தொழில் நகரம், குடிசைப் பகுதிகளை அகற்றிப் புது வீடுகள் கட்டும் திட்டத்துக்கு நொய்ராத்தை ஆலோசகராக அழைத்தது. 25 ஆண்டுகளுக்கு முன் வியன்னாவில் தொடங்கிய அதே வேலை. அதை முடித்துப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1945 டிசம்பர் 22 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் திடீரென்று உயிர் பிரிந்தது. வயது 63.

அதற்குப் பிறகு?

மரீ நிறுத்தவில்லை. இன்னும் 25 ஆண்டுகளுக்கு மேல் அந்த நிறுவனத்தை நடத்தினார், குழந்தைகளுக்கான அறிவியல் புத்தகங்களாக எழுதிக் குவித்தார். 1950-களில் மேற்கு நைஜீரியா அரசுக்காக வேலை செய்தபோது, ஐரோப்பிய சின்னங்களை அப்படியே கொண்டுபோய் ஒட்டவில்லை. அங்கே போய்ப் பார்த்து, அந்த மக்களின் உடைக்கும் வீட்டுக்கும் ஏற்றபடி சின்னங்களை மாற்றினார். விதி அதேதான், சின்னம் வேறு. நொய்ராத்தின் முறைக்கு இதைவிட நல்ல சோதனை இருந்திருக்க முடியாது. 1971-ல் ஐசோடைப் ஆவணங்களை ரெடிங் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். 1986-ல் காலமானார்.

கம்ப்யூட்டர் திரைக்கு இந்த யோசனை வேறு வழியில் வந்தது. 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்' என்ற வரைபட மென்பொருளைத் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக உருவாக்கினார். அதில் ஒரு மூலப் படத்தை வைத்துக்கொண்டு எத்தனை பிரதி வேண்டுமானாலும் வைக்கலாம். மூலத்தை மாற்றினால் எல்லாப் பிரதியும் மாறும். லினோ கட்டையால் செய்ய முடியாதது இந்தக் கடைசி விஷயம் ஒன்றுதான். ஒட்டிய பிறகு மாற்ற வேண்டுமென்றால் வியன்னாவில் மறுபடி அச்செடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். 1982-ல் வந்த ஆட்டோகேட் வழியாக வரைபட மேசைகளுக்கு பிளாக் பழக்கமானது.

நொய்ராத்திடமிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

மென்பொருள் மாறிவிட்டது, பிரச்சினை மாறவில்லை. பிளாக் லைப்ரரி வைத்திருக்கும் யாருக்கும் அவருடைய பட்டறை சொல்வது இவைதான்:

● ஒரு சின்னத்துக்கு ஒரே அர்த்தம். கதவு பிளாக்கை ஜன்னலுக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

● அளவை இழுக்காதீர்கள். வேறு அளவு வேண்டுமானால் அது வேறு சின்னம், வேறு பெயர்.

● புதிதாக வரைவதற்கு முன், இருப்பதைச் சேர்த்துச் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

● தேவையில்லாத கோட்டை நீக்குங்கள். ஒரு பிளாக்கில் இருக்கும் கூடுதல் கோடு 300 இடத்தில் கூடுதல் கோடு.

● லைப்ரரிக்கு ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். வரைபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவில் ஒரு மரீ தேவை.

● விதிகளை எழுதி வையுங்கள். ஹார்ட் டிஸ்க் போனால் பிளாக்குகளை மறுபடி வரைந்துவிடலாம். எப்படி வரைந்தோம் என்பது ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்து, அவர் வேலையை விட்டுப் போனால் திரும்ப வராது.

நகராட்சியின் பணம் எங்கே போகிறது என்று பார்க்க மியூசியத்துக்கு வந்த வியன்னாத் தொழிலாளி, பக்கத்தில் நிற்கும் யாரிடமும் விளக்கம் கேட்காமல், சின்னங்களைத் தானே எண்ணிப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். நொய்ராத் விரும்பியது இவ்வளவுதான். நேற்று வேலைக்குச் சேர்ந்த ஜூனியர் உங்கள் லைப்ரரியைத் திறந்து, யாரையும் கேட்காமல் சரியான பிளாக்கை எடுக்க முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.